லாக்டோஸ் கதவு எப்போது திறக்கும்? பாக்டீரியாவின் சர்க்கரைக் கட்டுப்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் பாடம் எடுக்கிறேன். குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு, ஒடுகத்தூர் என்று பல ஊர்களிலிருந்து விடிகாலையில் பஸ் பிடித்து வரும் பிள்ளைகள். பலர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவர்கள். லாக் ஓப்பரான் (லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையைக் கையாளும் பாக்டீரியா மரபணுத் தொகுப்பு) பாடத்தை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு போய் மனப்பாடம் செய்துவிடுவார்கள். அதையே தமிழில் ஒருமுறை சொன்னதும் கேள்வி மேல் கேள்வி வரும். வருடா வருடம் திரும்பி வரும் அந்தக் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்தச் சர்க்கரை கிடைத்தாலும் பாக்டீரியாவுக்குச் சாப்பாடுதானே? மரபணுவைத் திறப்பதும் மூடுவதும் எதற்கு?

ஒவ்வொரு சர்க்கரையையும் உள்ளே இழுக்க ஒரு புரதம் வேண்டும், உடைக்க ஒரு நொதி வேண்டும். அவற்றைச் செய்ய அமினோ அமிலமும் ஆற்றலும் செலவாகும். குடலில் வாழும் ஈ. கோலையின் டி.என்.ஏ.வில் சுமார் 46 லட்சம் எழுத்துகள், ஏறக்குறைய 4,300 மரபணுக்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் புரதமாக்கினால் செல்லுக்குள் இடம் போதாது, பெருகவும் சக்தி மிஞ்சாது. நல்ல ஊட்டம் கிடைத்தால் 20 நிமிடத்தில் இரண்டாகும் உயிர் அது. பால் இல்லாத நேரத்தில் பாலை உடைக்கும் நொதியைச் செய்துகொண்டிருக்கும் செல்லைப் பக்கத்துச் செல் முந்திவிடும்.

கார்பன் மூலம் என்று நாம் சொல்வது உடலைக் கட்டும் சரக்கு, எரிபொருள் இரண்டும்தான். அதனால் எந்தக் கார்பன் மூலம் வெளியே இருக்கிறது என்று அறிவது பாக்டீரியாவுக்கு உயிர்ப் பிரச்சினை.

மூளை இல்லாத செல் எப்படி அறியும்? புரதம் எப்படி முடிவு எடுக்கும்?

புரதம் முடிவு எதையும் எடுப்பதில்லை. இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் எளிதாகிவிடும்.

கட்டுப்படுத்தும் புரதத்துக்கு இரண்டு பகுதிகள். ஒரு பகுதி டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட எழுத்து வரிசையைப் பற்றிக்கொள்ளும். இன்னொரு பகுதியில் ஒரு குழி இருக்கும். அதில் ஒரு சின்ன மூலக்கூறு, சர்க்கரையோ சர்க்கரையிலிருந்து வந்த பொருளோ, உட்காரும். உட்கார்ந்ததும் புரதத்தின் வடிவம் சற்றே மாறும், டி.என்.ஏ.வைப் பிடித்த பிடி தளரும். சில புரதங்களில் நேர்மாறாகப் பிடி இறுகும். அவ்வளவுதான். சர்க்கரை கூடினால் குழிகள் நிறையும், குறைந்தால் காலியாகும். ‘அறிவது’ என்பது இந்த ஒட்டலும் பிரிதலும்தான்.

டி.என்.ஏ.வைப் பிடித்து மரபணுவை மூடி வைக்கும் புரதம் ரெப்ரசர், தமிழில் அடக்கி. மரபணுவைப் படித்து ஆர்.என்.ஏ. எழுதும் நொதியான ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் வந்து உட்கார உதவும் புரதம் ஆக்டிவேட்டர், அதாவது ஊக்கி.

லாக் ஓப்பரானில் என்னென்ன இருக்கிறது?

மூன்று மரபணுக்கள் அடுத்தடுத்து. லாக் இசட் செய்வது பீட்டா காலக்டோசிடேஸ், லாக்டோஸை உடைக்கும் நொதி. லாக் ஒய் செய்வது பெர்மியேஸ், லாக்டோஸை உள்ளே கொண்டுவரும் வாசல். லாக் ஏ ஒரு அசெட்டைல் டிரான்ஸ்ஃபரேஸ். லாக்டோஸில் வளர அது தேவையில்லை, தேர்வுக்குப் பெயர் தெரிந்தால் போதும். இவற்றுக்கு முன்னால் பாலிமரேஸ் உட்காரும் புரமோட்டர், ரெப்ரசர் உட்காரும் ஆப்பரேட்டர். ரெப்ரசரைச் செய்யும் லாக் ஐ மரபணு சற்று முன்னால் தனியாக இருக்கிறது.

இந்தக் கட்டுப்பாட்டுக் கருத்தை பிரான்சுவா ஜாக்கோபும் ஜாக் மோனோவும் 1961-இல் முழு வடிவில் எழுதினார்கள். 1965-இல் ஆந்த்ரே லுவோஃபுடன் சேர்த்து அவர்களுக்கு நோபல் பரிசு. அப்போது ரெப்ரசரை யாரும் கையில் பிடித்திருக்கவில்லை. அடுத்த வருடம், 1966-இல், வால்டர் கில்பர்ட்டும் பென்னோ முல்லர்-ஹில்லும் அதைப் பிரித்தெடுத்தார்கள். அது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள்: ஒரு செல்லில் இந்த ரெப்ரசர் பத்து அளவில்தான் இருக்கிறது. நான்கு துண்டுகள் சேர்ந்த புரதம், ஒவ்வொரு துண்டிலும் 360 அமினோ அமிலங்கள்.

ரெப்ரசரைக் கழற்றுவது லாக்டோஸ்தானே?

இல்லை. தேர்வில் அதிகம் மதிப்பெண் போகும் இடம் இது. குழியில் உட்காருவது அல்லோலாக்டோஸ். லாக்டோஸில் குளுக்கோஸும் காலக்டோஸும் ஒரு விதமாகப் பிணைந்திருக்கின்றன, அல்லோலாக்டோஸில் வேறு இடத்தில் பிணைந்திருக்கின்றன. லாக்டோஸை இப்படி மாற்றுவதும் அதே பீட்டா காலக்டோசிடேஸ்தான். ஆய்வகத்தில் நாம் சேர்க்கும் ஐ.பி.டி.ஜி. என்ற செயற்கைப் பொருளும் அதே குழியில் உட்காரும். ஆனால் நொதியால் அதை உடைக்க முடியாது, அதனால் அளவு குறையாமல் நிற்கும்.

மேடம், அப்படியென்றால் முதல் லாக்டோஸ் எப்படி உள்ளே வரும்?

ஒடுகத்தூரிலிருந்து வரும் ஒரு மாணவி கேட்டது. அவள் கேட்ட வார்த்தையிலேயே எழுதுகிறேன்: “உள்ளே வர பெர்மியேஸ் வேண்டும், அது பூட்டியிருக்கு. அல்லோலாக்டோஸ் ஆக நொதி வேண்டும், அதுவும் பூட்டியிருக்கு. சாவி வீட்டுக்குள்ளே இருக்கு, கதவு வெளியே பூட்டியிருக்கு. பின்னே யார் திறப்பாங்க?”

இந்தப் பாடத்தின் உயிரான கேள்வி இது. எந்தப் பூட்டும் முழுப் பூட்டு அல்ல என்பதுதான் பதில். ரெப்ரசர் டி.என்.ஏ.வை ஒட்டிக்கொண்டே இருப்பதில்லை, அவ்வப்போது கழன்று மீண்டும் ஒட்டும். அந்த இடைவெளியில் ஒரு பாலிமரேஸ் நுழைந்துவிட்டால் ஒன்றிரண்டு ஆர்.என்.ஏ. உருவாகும், அதிலிருந்து சில புரதங்கள் வரும். லாக்டோஸே இல்லாத செல்லிலும் இந்த நொதியும் பெர்மியேஸும் விரல்விட்டு எண்ணும் அளவில் இருக்கும். இதைக் கசிவு என்கிறோம். கதவு முழுதாகத் திறக்கும்போது நொதியின் அளவு ஏறக்குறைய ஆயிரம் மடங்கு ஏறும். ஆனால் அந்த ஆயிரம் தொடங்குவது இந்த ஒன்றிலிருந்துதான். கசிவு இல்லாத செல் லாக்டோஸ் குளத்திலேயே கிடந்தாலும் அதைச் சுவைத்திருக்காது.

பாடப்புத்தகப் படத்தில் ‘திறப்பு’, ‘மூடல்’ என்று இரண்டே நிலை போட்டிருப்பார்கள். அந்தப் படம் கசிவை மறைத்துவிடுகிறது. பிள்ளைகள் குழம்புவதற்குக் காரணம் அவர்கள் புத்தியில் இல்லை, படத்தில் இருக்கிறது.

இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். லாக் ரெப்ரசருக்கு டி.என்.ஏ.வைப் பிடிக்க இரண்டு கைகள் உண்டு. ஆப்பரேட்டர்களும் உண்மையில் மூன்று. ரெப்ரசர் ஒரே நேரத்தில் இரண்டு ஆப்பரேட்டர்களைப் பிடித்து நடுவிலுள்ள டி.என்.ஏ.வை வளையமாக்கிவிடும். ஒரு கை நழுவினாலும் மறு கை விடாது, நழுவிய கை உடனே திரும்பப் பிடித்துக்கொள்ளும். இப்படி ஒரு கை நழுவும்போது வருவது சின்னக் கசிவு. அபூர்வமாக இரண்டு கையும் ஒரே சமயத்தில் விட்டுவிடும். அப்போது பெர்மியேஸ் ஒரே மூச்சில் நிறைய உருவாகி, தூண்டும் பொருள் (ரெப்ரசரைக் கழற்றும் பொருள்) மளமளவென்று உள்ளே வந்து ரெப்ரசர்களைத் திரும்ப ஒட்டவிடாமல் செய்துவிடும். சன்னி ஷியின் ஆய்வுக்குழு 2008-இல் தனித்தனிச் செல்களில் இதைப் பார்த்துக் காட்டியது.

இதன் விளைவு அழகானது. தூண்டும் பொருள் அரைகுறையாக இருக்கும்போது எல்லாச் செல்களும் பாதி திறந்து நிற்பதில்லை. சில செல்கள் முழுதாகத் திறந்திருக்கும், மற்றவை மூடியிருக்கும். ஒரே தாயின் பிள்ளைகள், ஒரே மரபணு, ஒரே குழம்பு, ஆனாலும் இரண்டு விதம். நோவிக், வெய்னர் இருவரும் 1957-இலேயே இதைக் கண்டார்கள், ரெப்ரசர் என்ற கருத்தே முழுமை பெறாத காலத்தில்.

ரெப்ரசர் மரபணு பழுதானால் என்ன ஆகும்? ஆப்பரேட்டர் பழுதானால் என்ன ஆகும்? இரண்டும் ஒன்றுதானே?

ஒரே ஒரு டி.என்.ஏ. இருக்கும் செல்லில் ஒன்று போலத்தான் தெரியும்: லாக்டோஸ் இல்லாமலே நொதி வந்துகொண்டிருக்கும். வித்தியாசம் தெரிய, அந்தச் செல்லுக்குள் நல்ல நிலையில் உள்ள இன்னொரு பிரதியைக் கொண்டுவர வேண்டும். ரெப்ரசர் ஒரு புரதம், செல்லுக்குள் எங்கும் போகும். நல்ல பிரதியிலிருந்து வந்த ரெப்ரசர் பழைய பிரதியின் ஆப்பரேட்டரிலும் போய் உட்கார்ந்து அடக்கிவிடும். ஆப்பரேட்டர் பழுது அப்படித் தீராது. அது டி.என்.ஏ.வின் ஒரு துண்டு, இருக்கும் இடத்தை விட்டு நகராது. காவல்காரர் தெருத் தெருவாக நடப்பார், கதவு நடக்காது.

பார்டீ, ஜாக்கோப், மோனோ மூவரும் 1959-இல் வெளியிட்ட சோதனை இந்தத் தர்க்கத்தில் நிற்கிறது. ரெப்ரசரும் நொதியும் இல்லாத செல்லுக்குள் நல்ல லாக் மரபணுக்கள் இணைவு (ஒரு பாக்டீரியா இன்னொன்றோடு ஒட்டி டி.என்.ஏ.வைக் கடத்துவது) மூலம் நுழைந்ததும் நொதி உடனே வரத் தொடங்கியது. சற்று நேரத்தில், ரெப்ரசர் சேர்ந்ததும், தூண்டும் பொருள் இல்லாத செல்களில் அது நின்றுவிட்டது. ‘ஏதோ ஒன்று உருவாகி வந்து அடக்குகிறது’ என்று அவர்கள் உறுதியாகச் சொன்னது இதைப் பார்த்துத்தான்.

குளுக்கோஸும் லாக்டோஸும் சேர்ந்து இருந்தால் ஏன் குளுக்கோஸ் முதலில் தீர்கிறது?

இரண்டு சர்க்கரை கலந்த ஊட்டத்தில் வளர்ச்சி ஏறி, நடுவில் சமமாக நின்று, மறுபடி ஏறுவதை மோனோ தம் முனைவர் ஆய்வில் பார்த்தார். 1941, போர்க்கால பாரிஸ். அதற்கு டைஆக்ஸி என்று பெயர் வைத்தார். காரணத்தைப் புரிந்துகொள்ள, வீட்டுக்கு மேல்தளம் போடும் நாளை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே கலவை. ஏணியில் ஆட்கள் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றுகிறார்கள். மேலே கொத்தனார் வாங்கிக் கொட்டுகிறார்.

ஈ. கோலை குளுக்கோஸை உள்ளே எடுப்பதும் இப்படி ஒரு வரிசையால்தான். சட்டிக்குப் பதில் பாஸ்பேட். ஒரு புரதம் அடுத்த புரதத்துக்குக் கொடுத்து, கடைசியில் உள்ளே வரும் குளுக்கோஸின் தலையில் பாஸ்பேட்டை ஏற்றிவிடும். இந்த அமைப்புக்கு பி.டி.எஸ். என்று பெயர், 1964-இல் கண்டறியப்பட்டது. கடைசிக்கு முந்தைய இடத்தில் நிற்கும் புரதத்தைக் கவனியுங்கள், நான் அதை டூ-ஏ என்கிறேன். மேலே வேலை மும்முரமாக நடந்தால் அந்த இடத்தில் நிற்கும் ஆளின் கை எப்போதும் காலி: வாங்கிய உடனே கொடுத்துவிடுகிறார். மேலே வேலை நின்றால் சட்டி அவர் கையிலேயே நின்றுவிடும். அவர் கையைப் பார்த்தாலே மேலே நடப்பது தெரிந்துவிடும். செல் பார்ப்பதும் அந்தக் கையைத்தான்.

குளுக்கோஸ் வரும்போது டூ-ஏவின் கை காலி. காலிக் கையோடு அது லாக்டோஸ் பெர்மியேஸைப் போய்ப் பிடித்துக்கொள்ளும், வாசல் அடைபடும். லாக்டோஸ் உள்ளே வராது, அல்லோலாக்டோஸ் இருக்காது, ரெப்ரசர் உட்கார்ந்தே இருக்கும். குளுக்கோஸ் தீர்ந்ததும் டூ-ஏவின் கையில் பாஸ்பேட் நிற்கும். அது அடினைலேட் சைக்ளேஸ் என்ற நொதியைத் தூண்ட, அந்த நொதி செய்யும் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சின்ன மூலக்கூறு பெருகும். சி.ஆர்.பி. என்ற ஊக்கிப் புரதம் அதைத் தன் குழியில் வாங்கிக்கொண்டு புரமோட்டருக்குப் பக்கத்தில் உட்காரும், டி.என்.ஏ.வை ஏறக்குறைய செங்கோணத்துக்கு வளைத்து, பாலிமரேஸைக் கைபிடித்து உட்கார வைக்கும். லாக் புரமோட்டர் இயல்பிலேயே பலவீனமானது. சி.ஆர்.பி. இல்லாமல் கதவு திறந்திருந்தாலும் வேலை மந்தமாகத்தான் நடக்கும்.

அப்படியானால் ‘குளுக்கோஸ் இருந்தால் சைக்ளிக் ஏ.எம்.பி. குறையும், அதனால் லாக்டோஸ் பயன்படாது’ என்று எழுதலாமா?

பல வருடம் நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். இப்போது மாற்றிச் சொல்கிறேன். ஜப்பானில் இனாடா, கிமாட்டா, ஐபா மூவரும் 1996-இல் வெளியிட்ட அளவீடுகளில், குளுக்கோஸில் வளரும் கட்டத்திலும் பின்னால் லாக்டோஸில் வளரும் கட்டத்திலும் சைக்ளிக் ஏ.எம்.பி. ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்தது. ரெப்ரசரைச் செயலிழக்க வைத்தபோது டைஆக்ஸியே மறைந்துவிட்டது. அதாவது குளுக்கோஸ்-லாக்டோஸ் கலவையில் முக்கிய வேலையைச் செய்வது வாசல் அடைப்பு. இரண்டு வழியையும் எழுதுங்கள், வாசல் அடைப்பை முதலில் எழுதுங்கள்.

ஒரே புரதம் அடக்கியாகவும் ஊக்கியாகவும் இருக்க முடியுமா?

முடியும். எனக்கு மிகவும் பிடித்த புரதம் அப்படிப்பட்டதுதான்: அரா-சி, அரபினோஸ் சர்க்கரைக்கான மரபணுக்களைக் கவனிப்பது. அரபினோஸ் இல்லாதபோது இந்த இரட்டைப் புரதத்தின் ஒரு பாதி புரமோட்டர் அருகிலும் மறு பாதி சுமார் 210 எழுத்து தள்ளியும் பிடித்து, டி.என்.ஏ.வை வளையமாக்கி மூடிவிடும். அரபினோஸ் குழியில் உட்கார்ந்ததும் தூரத்தில் பிடித்திருந்த கை அதை விட்டு, பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு இடத்தைப் பிடிக்கும். வளையம் அவிழும், பாலிமரேஸுக்கு உதவி கிடைக்கும். அதே ஆள், நிற்கும் இடம்தான் வேறு.

மால்டோஸுக்கு மால்-டி. அது ஊக்கி மட்டுமே. ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஊற்றும் கேவுரு கூழில் மாவுச்சத்து உடைந்து மால்டோஸும், மூன்று குளுக்கோஸ் கோத்த மால்டோடிரையோஸும் வரும். மால்-டியின் குழிக்குப் பொருந்துவது இந்த மூன்று மணிக் கோவைதான்.

எல்லா பாக்டீரியாவுக்கும் குளுக்கோஸ்தான் முதல் பிடித்தமா? வழியும் இதேதானா?

இரண்டுக்கும் இல்லை. தயிர் ஆக்கும் பாக்டீரியாக்களில் ஒன்றான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸுக்குக் குளுக்கோஸை விட லாக்டோஸ்தான் பிடிக்கும். லாக்டோஸை உள்ளே எடுத்து, அதிலுள்ள குளுக்கோஸைத் தின்று, காலக்டோஸைப் பெரும்பாலும் வெளியே தள்ளிவிடும். மண்ணில் வாழும் பேசில்லஸ் சப்டிலிஸில் சைக்ளிக் ஏ.எம்.பி. வழி இல்லை. அங்கே சி.சி.பி.ஏ. என்ற புரதம், பாஸ்பேட் ஏறிய ஹெச்.பி.ஆர். புரதத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு டி.என்.ஏ.வில் உட்கார்ந்து மற்ற சர்க்கரை மரபணுக்களை மூடுகிறது. ஈ. கோலையில் குளுக்கோஸ் தீர்ந்ததைச் சொல்ல ஒரு மூலக்கூறு கூடுகிறது, இங்கே குளுக்கோஸ் நிறைந்ததைச் சொல்ல ஒன்று கூடுகிறது.

சூடோமோனாஸ் இன்னும் வேறு. அதற்குக் குளுக்கோஸை விட சக்சினேட் போன்ற கரிம அமிலங்கள் முதலில் வேண்டும். அங்கே கட்டுப்பாடு டி.என்.ஏ.வில் அல்ல, ஆர்.என்.ஏ.வில்: சி.ஆர்.சி., ஹெச்.எஃப்.க்யூ. என்ற இரண்டு புரதங்கள் சேர்ந்து, எழுதி முடித்த ஆர்.என்.ஏ.வைப் புரதமாக்க விடாமல் தடுக்கும்.

நம் ஊரில் இது வெறும் பாடம் அல்ல. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் வீட்டுப் பிள்ளைகள், “டேனரித் தண்ணியை பாக்டீரியா விட்டுச் சுத்தம் செய்ய முடியாதா?” என்று கேட்பார்கள். தோல் பதனிடப் பயன்படும் கடுக்காயின் டேனினிலிருந்து வரும் காலிக் அமிலத்தை சூடோமோனாஸ் புட்டிடா தின்னும், உண்மைதான். ஆனால் குடுவையில் காலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் தின்னும் பாக்டீரியா, எளிதான சாப்பாடு கலந்த கழிவுநீரில் அதை ஒதுக்கி வைக்கலாம். மேலே சொன்ன பிடித்தக் கணக்குதான் காரணம். குரோமியம் வேறு கதை. அது தனிமம், கார்பன் மூலம் அல்ல. பாக்டீரியா அதை நச்சு குறைந்த வடிவத்துக்கு மாற்றலாம், தின்று தீர்க்க முடியாது. பாலாற்றை பாக்டீரியா வந்து காப்பாற்றிவிடும் என்று யாராவது சொன்னால், எந்தப் பாக்டீரியா, எந்தச் சாப்பாட்டோடு என்று கேளுங்கள்.

ஆஸ்பத்திரி லேபில் இதற்கு என்ன வேலை?

வேலூரில் லேப் வேலைக்குப் போகும் பிள்ளைகள் தினமும் பார்ப்பது மெக்கான்கி அகர், லாக்டோஸும் நிறங்காட்டியும் கலந்த வளர்ப்புத் தட்டு. லாக்டோஸைத் தின்று அமிலமாக்கும் ஈ. கோலை இளஞ்சிவப்பாக வளரும். டைபாய்டு தரும் சால்மோனெல்லா நிறமில்லாமல் வளரும். ஷிகெல்லா சொன்னேயியைப் பாருங்கள்: உடைக்கும் நொதி உண்டு, வேலை செய்யும் பெர்மியேஸ் இல்லை. அதனால் ஒரே நாளில் சிவக்காது, பல நாள் கழித்துத்தான் சிவக்கும். வாசல் இல்லாத வீடு எப்படியிருக்கும் என்பதைத் தட்டிலேயே பார்க்கலாம்.

பால் குடித்தால் வயிறு உப்புவது இதனாலா?

நம் சிறுகுடலில் லாக்டேஸ் நொதி குறைவதுதான் காரணம். அந்த மரபணுவின் கட்டுப்பாடு வேறு வகை. ஆனால் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகும் லாக்டோஸைத் தின்று வாயு விடுவது பாக்டீரியாக்கள்.

இன்சுலினுக்கும் லாக் ஓப்பரானுக்கும் சம்பந்தம் உண்டு என்கிறார்களே?

உண்டு. 1978-இல் மனித இன்சுலினை முதன்முதலாக ஈ. கோலையில் செய்தபோது, அதன் இரண்டு சங்கிலிகளையும் பீட்டா காலக்டோசிடேஸோடு ஒட்டி, லாக் புரமோட்டரின் கட்டுப்பாட்டில் வைத்தார்கள். 1982-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி கிடைத்தது.

டைஆக்ஸி செய்முறைக்கு ஏன் காலை ஆறரைக்கே வரச் சொல்கிறீர்கள்?

மே மாத வேலூரில் மதியம் ஆய்வகத்துக்குள்ளேயே வெப்பம் 37 பாகையைத் தாண்டிவிடும். எங்கள் இன்குபேட்டரால் சூடாக்க மட்டுமே முடியும். வெளியே 39 என்றால் உள்ளேயும் 39தான். அதனால் வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும்.

இன்னொன்று, எந்த இனத்தை வளர்க்கிறோம் என்று பாருங்கள். முதல் முறை நான் கையிலிருந்த டி.ஹெச்.5 ஆல்ஃபா என்ற ஆய்வக ஈ. கோலை இனத்தை எடுத்துவிட்டேன். வளர்ச்சி ஏறியது, நின்றது, சாயங்காலம் வரை மறுபடி ஏறவே இல்லை. இருபது பிள்ளைகள் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை, குழம்பின் கலங்கலை வைத்து வளர்ச்சியை அளக்கும் கலரிமீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த இனத்தில் லாக் இசட் மரபணு குறைபட்டது, லாக்டோஸில் அது வளராது. இதற்கு லாக் மரபணுக்கள் முழுதாக உள்ள கே-12 இனம் வேண்டும்.

குளுக்கோஸ் குறைவாகவும் லாக்டோஸ் கூடுதலாகவும் சேருங்கள். ஒவ்வொரு முறை அளவு எடுக்கும்போதும் கொஞ்சம் குழம்பைத் தனிக் குழாயில் எடுத்து, ஒரு சொட்டு டொலுவின் விட்டுக் குலுக்கி, ஓ.என்.பி.ஜி. சேருங்கள் (ஜன்னலைத் திறந்து வையுங்கள், டொலுவின் ஆவி நல்லதல்ல). நொதி இருந்தால் ஓ.என்.பி.ஜி. உடைந்து மஞ்சளாகும். ஒவ்வொரு குழாய்க்கும் ஒரே அளவு நேரம் கொடுத்து, சோடியம் கார்பனேட் ஊற்றி நிறுத்துங்கள்.

குழாய்களை வரிசையாக ஸ்டாண்டில் வைத்துப் பின்னால் வெள்ளைத்தாள் பிடித்துப் பாருங்கள். காலை எடுத்தவையெல்லாம் தண்ணீர் போல இருக்கும். வளர்ச்சி சமமாக நின்ற பிறகு எடுத்த இரண்டாவது, மூன்றாவது குழாயில், மஞ்சள் பட்ட கையைக் கழுவிய தண்ணீர் அளவுக்கு ஒரு சாயல் தெரியும். கலரிமீட்டர் எண் அப்போதும் நகர்ந்திருக்காது. அடுத்த குழாயில் மஞ்சள் தெளிவாகிவிடும். அதற்கும் பிறகுதான் எண் ஏறத் தொடங்கும்.